மூன்றாவதில் பூட்டிய வண்டி

கியர் பெட்டியைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார் சின்ன மாமா. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பற்சக்கரங்கள், பெரியதிலிருந்து சிறியதாக. கொட்டகை முழுக்க அந்த வாடை. தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது ஒரு சத்தம் போட்டது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. காலையில் அதை வலது கையால் தூக்கி மடியில் வைப்பார். படுக்கப் போகும்போதுதான் மறுபடி எடுப்பார்.

"மாப்ள, இவன் கழுவுற கழுவுக்கு அதுல சோறு போட்டுச் சாப்பிடலாம் போல" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறும். வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது.

"சாப்பிடு. அப்படியாச்சும் ரெண்டு வாய் கூட இறங்கட்டும்" என்றார் சின்ன மாமா, நிமிராமல்.

மாமா என் மாமனார். டாக்ஸி ஓட்டியவர். சின்ன மாமா அவருடைய தம்பி. இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைக்குள்ளேயே கட்டில். என் மனைவி இந்த வீட்டுக்கு ஒரே பெண். அவள் இறந்த பிறகும் நான் மாடி அறையில்தான் இருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை.

அவள் இறந்த வருடமே மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. டாக்ஸி முற்றத்தில் நின்றுவிட்டது. அதன் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினோம். மாமா நாற்காலியை அதற்கு எதிரே போடச் சொல்வார். சாயங்காலம் வரை அந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் பூக்கள் அச்சடித்திருந்தன, வேறு ஒன்றும் இல்லை.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சின்ன மாமா இதை ஆரம்பித்தார். கிடங்கு ஒன்றில் சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டியைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அதன் மோட்டாரைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

"கிளட்ச் கிடையாது. கியர் மாத்தறது கிடையாது. வலது கால் ஒண்ணு, வலது கை ஒண்ணு போதும். ரெண்டும் உன்கிட்ட இருக்கு. எந்திரி" என்றார் அண்ணனிடம்.

மாமா மறுநாள் காலையில் விரிப்பை எடுக்கச் சொன்னார்.

எஞ்சினை இறக்கினோம். பெட்ரோல் தொட்டியை எடுத்தோம். டிக்கியிலும் முன்பக்கமும் பேட்டரிகள் உட்கார்ந்தன. இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலும் ஒரு பேட்டரிப் பெட்டி வைக்க வேண்டியிருந்ததால் கைபிரேக்கைக் கழற்றினார் சின்ன மாமா. அது இடது கைக்கு உள்ளது. இருந்தும் பயனில்லை. "அப்புறம் வேற மாதிரி ஒண்ணு வச்சுக்கலாம்" என்றார். மோட்டாரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் துண்டை லேத்தில் கடைந்து கொண்டுவந்தார். மயிரிழை கூடிவிட்டது என்று திரும்ப எடுத்துப் போய் மறுபடி கடைந்தார். பட்டறை வட்டாரத்தில் அவருக்கு 'மயிரிழை' என்றுதான் பெயர்.

கியர் பெட்டி மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கிப் போட முடியாது. மோட்டார் சுற்றும் வேகத்தைக் குறைத்து, இழுவையாக மாற்றிச் சக்கரத்துக்குக் கொடுப்பது அதுதான். ஆனால் மாற்ற முடியாது. லீவர் இடது பக்கம். ஆகவே உள்ளே ஒரு கியரில் போட்டு, நகராதபடி போல்ட் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவாயிற்று. பூட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் மோட்டாரிலிருந்து எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

எந்த கியர் என்பதுதான் பேச்சு.

"மூணு" என்றார் மாமா.

"அவசரப்படாத. மாப்ள கணக்கு போடறாரு."

நான் தரையில் குந்தி சாக்குக்கட்டியால் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவன் என்று அந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வண்டியின் எடை, சக்கரத்தின் ஆரம், மோட்டாரின் இழுவை. வீட்டுக்குப் பின்னால் போகும் மேட்டுச் சாலையைச் சின்ன மாமா கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து அளந்து வந்திருந்தார். வளைவில் ஆறடி போனால் ஓரடி ஏறுகிறது.

அத்தை டீ கொண்டுவந்தாள். முழங்கால் வீக்கம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். டீ மட்டும் சிந்தாது.

"என்ன சொல்லுது கணக்கு?" என்றார் மாமா.

"ரெண்டாவதுன்னா மேடு ஏறும். ஆனா பெரிய ரோட்டுல வேகம் வராது. மூணாவதுன்னா ரோட்டுல நல்லாப் போகும்."

"அதான் சொன்னேன்ல. மூணு."

"மேடு ஏறாது மாமா."

"மேட்டுல எனக்கு என்ன வேல?"

மேட்டுச் சாலை உச்சியில் இடுகாட்டுக் கேட்டில் போய் முடிகிறது. அதற்கு மேல் சாலை இல்லை. என் மனைவி அங்கேதான் இருக்கிறாள்.

சின்ன மாமா ஒரு பற்சக்கரத்தை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்தது.

"ரெண்டாவதுல போட்டா ரோட்டுல எப்படிப் போகும் தெரியுமா? சைக்கிள்காரன் திரும்பிப் பாத்து, தள்ளி விடவா அண்ணேன்னு கேப்பான்" என்றார் மாமா. "பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருத்தனைக் கூட்டிட்டுப் போறேன்னு வை. போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்கு நோய் தானா சரியாயிடும்."

"சரியானா நல்லதுதான" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு."

அத்தை டம்ளரை அவர் வலது கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஏங்க, லீவர் அப்படியே இருக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வண்டி நிக்கும்போது நீங்க சொல்லுங்க, நான் மாத்தி விடறேன். மேடு வந்தா ஒண்ணு, ரோடு வந்தா ஒண்ணு."

சின்ன மாமா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நிற்கும் வண்டியில் கிளட்ச் இல்லாமலே கியர் விழும். மின்மோட்டார் நின்றால் முழுசாக நின்றுவிடும்.

"அண்ணி சொல்றது நடக்கும்ணா" என்றார் சின்ன மாமா.

"நடக்காது."

"நடக்கும். நான் சொல்றேன்ல."

"வண்டி ஓட்ட ரெண்டு ஆளா? அவ கியர் போட, நான் ஸ்டியரிங் பிடிக்க. அப்புறம் இன்னொருத்தன் ஹாரன் அடிக்க. கல்யாண ஊர்வலமா இது?" குழறல் கூடிவிட்டது. "முப்பது வருஷம் ஒருத்தனும் என் கியர்ல கை வச்சதில்ல. ஓட்டினா நான் ஓட்டறேன். இல்லன்னா திரும்ப மூடி வைங்க."

அத்தை காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். போகும்போது தரையில் நான் போட்டிருந்த கணக்கைச் சுற்றிக்கொண்டு, மிதிக்காமல் போனாள். படியருகே நின்றாள்.

"தம்பி, மூணாவதுல கொஞ்சம்கூடப் போகாதா?"

"பாதி வரைக்கும் போகும் அத்தை. வளைவுல நின்னுடும்."

"ம்" என்றாள்.

அத்தையை மேட்டுக்குக் கூட்டிப்போக ஆட்கள் இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் வரச் சொன்னார். நானே ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். "அவர் இல்லாம நான் மட்டும் போய் அவகிட்ட என்ன சொல்றது?" என்றாள். மாமா மற்றவர் ஓட்டும் வண்டியில் ஏறமாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதே நினைவில்லாத நேரத்தில்தான். மகளை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை. நாற்காலியை வைக்கும்போதும் மேடு முதுகுப் பக்கம் வரும்படிதான் வைக்கச் சொல்வார்.

சாயங்காலம் பட்டறையில் போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டே சின்ன மாமா சொன்னார்:

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ள. உங்க பேச்சக் கேப்பாரு."

"சொன்னேனே."

"கணக்குதான் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். ரெண்டாவதே போடலாம் மாமா, அத்தைக்காக என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முட்டைப் பொரியலைச் சோற்றுக்குள் தேடித் தேடி எடுத்தார். இடது பக்கம் தட்டில் இருப்பது அவர் கண்ணில் படாது. அத்தை தட்டைத் திருப்பி வைத்தாள். அங்கே இன்னும் சோறு இருந்தது.

"நீங்க போறீங்களா மாப்ள அங்க?" என்றார்.

நான் போவதில்லை. அது அவருக்குத் தெரியும்.

"அப்ப மூணு" என்றார்.

மூன்றாவதில் பூட்டினோம். லீவரை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைத் தகரத்தால் மூடினார் சின்ன மாமா. ஸ்டியரிங்கில் ஒரு கைக் குமிழ் வைத்தார். பிரேக்கைச் சோதித்தபோது மட்டும் முகம் சுளித்தார். எஞ்சின் இருந்தபோது அதன் உறிஞ்சலில் பிரேக் லேசாக இருந்தது. இப்போது எஞ்சின் இல்லை. மிதித்தால் கல் மாதிரி இருந்தது.

"பிடிக்குது. ஆனா பலமா மிதிக்கணும்" என்றார். "இன்னொண்ணு கேளு. ஏதாச்சும் ஏத்தத்துல வண்டி நின்னுட்டா உடனே ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துடு. பிரேக்குக்குப் போயிடு. மோட்டார் சுத்தற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சுத்தாம நிக்கும்போது கரண்ட் குடுத்தா உள்ள கருகிடும்."

"எனக்கே வண்டி சொல்லித் தர்றான் பாருங்க மாப்ள" என்றார் மாமா. "டாக்ஸி ஓட்டுன காலத்துல அந்த மேட்டு வளைவுல பிரேக் தொடமாட்டேன். கைபிரேக் தொடமாட்டேன். கிளட்சப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டர்லயே நிறுத்தி வச்சிருப்பேன். முன்னயும் போகாது, பின்னயும் போகாது. பின்னாடி உக்காந்திருக்கறவன் கையில டீ வச்சிருந்தாலும் தளும்பாது."

"அந்த டீயத்தான் முப்பது வருஷமா எங்களுக்குக் குடுத்திட்டிருக்க. ஆறிப்போச்சு" என்றார் சின்ன மாமா.

மாமா சிரித்தார். வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

வண்டி ஓடிய காலையில் லேசாகத் தூறியிருந்தது. சாலை நனைந்து, உடனே வெயிலும் வந்துவிட்டது. சின்ன மாமா கரண்ட் அளக்கும் கருவியோடு முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். மாமா குமிழைப் பிடித்து, காலை மெல்ல அழுத்தினார். எதுவும் கேட்கவில்லை. வாசல் தூண் மட்டும் பின்னால் போனது.

"என்னடா, ஓடுதா?"

"ஓடுதுண்ணா. ரோட்டப் பாரு."

பெரிய சாலைக்கு வந்தோம். மூன்றாவது கியர் மாமா சொன்னபடிதான் இருந்தது. ஒரு சுமை வண்டியை முந்தினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டாக்ஸிகள் நிற்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். பழைய ஆட்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சத்தமே வராததால் கிட்ட வரும்வரை பார்க்கவில்லை. "யோவ், பேய் மாதிரி வர்றியேய்யா" என்றார் ஒருவர். மாமா ஹாரன் அடித்துக் காட்டினார். ஸ்டியரிங்கை விட்டுத்தான் அடிக்க முடிந்தது. சின்ன மாமா சட்டென்று குமிழைப் பிடித்துக்கொண்டார். மாமா அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

திரும்பும்போது பட்டறை வாசலில் சின்ன மாமா இறங்கிக்கொண்டார். கடையக் கொடுத்த தண்டுக்காக யாரோ காத்திருந்தார்கள். "வீட்டுக்குப் போங்க. சமதளத்துல மட்டும் ஓட்டுண்ணா. அளவெல்லாம் நல்லா இருக்கு" என்றார். கூரையில் ஒரு தட்டு தட்டினார்.

வீட்டு வாசலில் அத்தை புடவை மாற்றிக்கொண்டு நின்றிருந்தாள். யாரும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை. நான் முன்னால் மாறிக்கொண்டு பின்கதவைத் திறந்துவிட்டேன். முழங்காலைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள்.

"எங்க போகணும் மேடம்?" என்றார் மாமா.

"உங்க இஷ்டம். பில்ல மட்டும் கூடப் போட்டுடாதீங்க."

தெருக் கோடியில் சாலை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பெரிய சாலை. வலப்பக்கம் மேடு. மாமா இடப்பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டிருந்தார். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தை தலையை வலப்பக்கம் திருப்பி ஒரு மூச்சு இழுத்தாள், அவ்வளவுதான். எஞ்சின் இருந்திருந்தால் அது யாருக்கும் கேட்டிருக்காது. அந்த வண்டியில் கேட்டது.

மாமா விளக்கை அணைத்தார். குமிழை வலப்பக்கம் சுற்றினார்.

"மாமா" என்றேன்.

"வேகமா எடுத்தா ஏறிடும்" என்றார்.

காலை முழுக்க அழுத்தினார். முதல் ஏற்றத்தில் வண்டி நன்றாகவே போனது. இரு பக்கமும் வீடுகள் முடிந்து மதில்கள் வந்தன. நனைந்த தார் பளபளத்தது. என் கணக்கு தவறாக இருக்கலாம் என்று நினைத்தேன். தவறாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. நடக்கிற வேகமாயிற்று. வளைவுக்கு வந்தோம். மேலே கேட்டின் ஒரு பாதி தெரிந்தது.

வண்டி நின்றது.

முன்னும் போகவில்லை. பின்னும் போகவில்லை. மாமாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு நூல் கூட்டி ஒரு நூல் குறைத்து, வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. டீ இருந்திருந்தால் தளும்பியிருக்காது.

"மாமா, கால எடுங்க."

"எடுத்தா பின்னால போயிடும்."

"பிரேக்ல வைங்க மாமா."

"இருங்க, பிடிச்சுக்கிச்சு. ஏறும் பாருங்க."

வாடை வந்தது. முதலில் வார்னிஷ் மாதிரி. பிறகு நகம் கருகும் வாடை. முன்மூடியின் இடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை. உள்ளே ஏதோ விட்டுப்போனது. வண்டி பின்னால் நகர்ந்தது. மாமா பிரேக்குக்குப் போனார். அது கல் மாதிரி இருந்தது. மேலும் கொஞ்ச தூரம் நகர்ந்துதான் நின்றது.

"கல்லு" என்றார்.

நான் ஓடி மதிலோரத்தில் விழுந்து கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். மாமாவின் கால் நடுங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. மெதுவாக விடச் சொன்னேன். விட்டார். கல் தாங்கியது.

ஒரு பெண் பால் கேனோடு இறங்கிப் போனாள். எங்களைப் பார்த்தாள்.

"கேட்டு தெரியுதுங்க" என்றாள் அத்தை.

மாமா பார்க்கவில்லை.

"பெயின்ட் அடிச்சிருக்காங்க. முன்ன வேற கலர்." கொஞ்சம் நிறுத்தி என்னிடம் சொன்னாள், "தம்பி, நீங்க வேணா போய்ட்டு வாங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு. நாங்க வண்டியில இருக்கோம்."

மேலே பார்த்தேன். நடந்தால் ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம்.

"கல்லு நகர்ந்துடும் அத்தை" என்றேன்.

கல் நன்றாக இறுகியிருந்தது.

லீவர் இருந்த இடத்தை மூடிய தகரத்தின் மேல் மாமா வலது கையை வைத்தார். எடுத்தார்.

"நீ பக்கத்துல உக்கார்றேன்னு சொன்ன" என்றார்.

"சொன்னேன்."

"ம்."

"பரவால்ல விடுங்க."

"பரவால்லன்னு சொல்லாத."

பிறகு வண்டியோடு பின்னாலேயே மேட்டை இறங்கினோம். வேறு வழியில்லை. மோட்டார் செத்திருந்தாலும் சக்கரம் உருண்டது. மாமா கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் விட வேண்டும். வலப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் அவருக்கு இல்லை.

"இடது பக்கம் எவ்வளவு இருக்கு?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தை உடம்பை நகர்த்தி இடது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ரெண்டு முழம் இருக்கு. வாங்க. ஒரு முழம். மதில் வருது, மதில் வருது, அந்தப் பக்கம் ஒடிங்க. ஆங். போதும். நேரா வாங்க."

"பள்ளம் இருக்கும், அத சொல்லு."

"பள்ளம் எனக்குத் தெரியல. கீழ குனிய முடியல."

"நான் பாக்கறேன்" என்றேன்.

அந்தக் கட்டைப் பிரேக்கை அவர் காலால் தொடர்ந்து மிதிக்க முடியவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை "கல்லு" என்பார். நான் கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பேன். அவர் காலை எடுத்து ஓய்வு கொடுப்பார். தொடையைத் தேய்த்துக்கொள்வார். பிறகு பிரேக்கில் காலை வைத்து "ம்" என்பார். நான் கல்லை எடுப்பேன். கல்லோடு பின்னால் நடப்பேன். அத்தை முழம் சொல்லிக்கொண்டே வருவாள். அப்படியே மேடு முழுவதும் இறங்கினோம். தார் அதற்குள் காய்ந்துவிட்டது. மதில்கள் முடிந்து வீடுகள் வந்தன. கல் கனமாக இருந்தது. வேறு எதையும் அப்போது நான் நினைக்கவில்லை.

கீழே பிரிவில் சின்ன மாமா நின்றிருந்தார். கையில் இன்னும் பட்டறை எண்ணெய். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முன்மூடிக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். திறந்து பார்க்கவில்லை.

"வளைவா?" என்றார் என்னிடம்.

"வளைவு."

அண்ணனைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

"வேற மோட்டார் எப்ப கிடைக்கும்னு தெரியல" என்றார் கடைசியில். "கிடைக்காமயும் போகலாம்."

வெயில் ஏறிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கல் என் கையிலேயே இருந்தது. சாலையில் போட்டால் யாராவது இடறிக்கொள்வார்கள். எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அத்தை பின்கதவைத் திறந்து கால்களை ஓரமாக ஒதுக்கினாள்.

"இங்க வைங்க தம்பி. மறுபடி வேணும்ல" என்றாள்.

அவள் காலடியில் வைத்தேன். கதவை மூடிவிட்டு நானும் சின்ன மாமாவும் பின்னால் போய்க் கை கொடுத்தோம். வண்டி அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினோம். பிறகுதான் நான் முன்னால் போய்ப் பார்த்தேன்.

சமதளம்தான். மாமா இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.